விதியின் மேல் பழி

காலைக் காபி அருந்திவிட்டுத் தினசரிப் பத்திரிகையைப் பிரிக்கிறோம். முதல் பக்கத்தில் அரசியல். அடுத்த பக்கத்தில் சந்தை நிலவரம். உள்ளே ஒரு மூலையில் நாலே வரியில் ஒரு சமாசாரம். லாரியும் மோட்டார் சைக்கிளும் மோதின. கலியாணத்துக்குப் போய்த் திரும்பிய தம்பதிகள் அந்த இடத்திலேயே மாண்டார்கள். படித்தவர் நாக்கைச் சப்புக் கொட்டுகிறார். "என்னவாம்?" என்று அடுக்களையிலிருந்து கேள்வி வருகிறது. "ஒன்றுமில்லை. யாரோ, பாவம்! விதி முடிந்தது, போய்விட்டார்கள்" என்று பதில் சொல்லிவிட்டு அவர் பக்கத்தைப் புரட்டுகிறார்.

ஒன்றுமில்லையாம்! இரண்டு உயிர் போயிற்று. ஒரு வீட்டில் விளக்கு அணைந்தது. பாட்டியின் கையில் பேரக் குழந்தைகள் வந்து சேர்ந்தன. ஆனாலும் அது "ஒன்றுமில்லை." ஏனென்றால் விதி என்னும் ஒரு சொல் எல்லாவற்றுக்கும் சமாதானம் சொல்லிவிட்டது.

நம்முடைய தமிழில் 'விதி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. தலையில் எழுதிய எழுத்து ஒன்று. சட்டத்தில் எழுதிய எழுத்து மற்றொன்று. 'சாலை விதிகளை மதிப்பீர்' என்று வழி நெடுகப் பலகை நாட்டி வைத்திருக்கிறார்களே, அந்த விதி இரண்டாவது வகையைச் சேர்ந்தது. முதலாவது விதியிடம் நமக்கு அபாரமான மரியாதை. இரண்டாவது விதியை நாம் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. அதை மீறியதால் வருகிற பலனையும் முதலாவது விதியின் கணக்கிலேயே பற்று எழுதிவிடுகிறோம். பாவம், விதி! அது செய்யாத குற்றங்களுக்கெல்லாம் எத்தனை காலமாகப் பழி சுமந்து வருகிறது!

அம்மை போன கதை

இப்படிப் பழி சுமத்துவது நமக்குப் புதிதல்ல. நம் கொள்ளுப் பாட்டிமார்களின் காலத்தில் ஊரில் பெரியம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகினார்கள். பிழைத்த குழந்தையை அம்மன் விட்டுக் கொடுத்தாள் என்றும், பிழைக்காத குழந்தையை அழைத்துக் கொண்டாள் என்றும் சொன்னார்கள். அந்தத் தாய்மார்களை நாம் பரிகசிக்க வேண்டாம். கையில் வேறு ஆயுதம் இல்லாதவர்கள் தெய்வத்தின் காலைப் பிடித்துக் கொள்வதில் தவறு ஒன்றும் இல்லை.

பிறகு ஆயுதம் கிடைத்தது. வீடு வீடாக அம்மை குத்தினார்கள். நோய் கண்ட கிராமத்தைச் சுற்றி வளைத்துத் தடுப்பு வேலை செய்தார்கள். 1975-ம் வருஷத்தோடு இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது. 1977-ல் தேசம் அந்நோயிலிருந்து விடுபட்டது என்று முறைப்படி அறிவிக்கப்பட்டது. இளம்பிள்ளை வாதமும் அவ்வாறே. 2011-ம் வருஷம் ஜனவரி மாதத்துக்குப் பிறகு அந்த நோயின் பழைய விஷக் கிருமி இந்நாட்டில் ஒரு குழந்தையையும் முடமாக்கவில்லை. 2014-ல் உலக சுகாதார ஸ்தாபனம் நற்சான்று அளித்தது. அம்மனிடம் நமக்குள்ள பக்தி இதனால் குறைந்துவிடவில்லை. ஆடி மாதத்தில் கூழ் ஊற்றுவதும் நிற்கவில்லை. குழந்தைகள் சாவது மட்டும் நின்றது.

விபத்தினால் நேரும் சாவும் ஊனமும் இவ்வாறே தடுக்கக் கூடியவை என்பதுதான் இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல வந்த விஷயம். அது நோயைப் போலவே காரண காரியத்துக்கு உட்பட்டது, கணக்கு எடுக்கத் தக்கது, மருந்து உள்ளது. 1966-ம் வருஷத்திலேயே அமெரிக்காவின் தேசிய விஞ்ஞானக் கழகம் விபத்துக் காயத்தை, தற்காலச் சமூகம் கவனியாமல் விட்டுவிட்ட நோய் என்று பெயரிட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. நாம் அந்த நோய்க்கு இன்னும் வேப்பிலைதான் செருகிக் கொண்டிருக்கிறோம்.

ஒரு வருஷத்துப் பேரேடு

மத்திய சர்க்காரின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். 2022-ம் வருஷத்தில் மட்டும் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துக்கள் நடந்தன. மாண்டவர்கள் 1,68,491 பேர். காயமடைந்தவர்கள் 4,43,366 பேர். அதாவது நாளொன்றுக்கு 462 உயிர். மணிக்கு 19 உயிர். இந்தக் கட்டுரையை நிதானமாகப் படிக்க உங்களுக்குக் கால் மணி நேரம் பிடிக்குமானால், அந்த வருஷத்துக் கணக்குப்படி அதற்குள் நாலைந்து வீடுகளில் அழுகுரல் எழுந்திருக்கும். விபத்துக்களின் எண்ணிக்கையில் எல்லா மாநிலங்களிலும் முதலிடம் பெற்றது நம் தமிழ்நாடு: 64,105. உயிர்ச் சேதத்தில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்தபடியாக இரண்டாம் இடம்: 17,884. எதெதிலோ முதலிடம் வேண்டுமென்று ஆசைப்படுகிறோம். கேட்காமலே கிடைத்த முதலிடம் இது!

மாண்டவர்கள் யார் என்று கேட்டால் துக்கம் இன்னும் அதிகமாகும். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் 18 வயதிலிருந்து 45 வயதுக்குள் இருந்தவர்கள். படிப்பை முடித்த பிள்ளை, வேலைக்குப் போய் வந்த பெண், வீட்டுக் கடனைக் கட்டி வந்த தகப்பன்! ஒரு தேசம் இருபது வருஷம் சோறு போட்டு, எழுத்தறிவித்து, ஆளாக்கி நிறுத்திய பிறகு பறிகொடுத்த பிரஜைகள். சுதந்திரம் பெறுவதற்காக உயிர் கொடுத்தவர்களை நாம் மறப்பதில்லை. பெற்ற சுதந்திரத்தில் வாழ வேண்டியவர்களை வருஷந்தோறும் இப்படித் தெருவில் வாரிக் கொடுத்துவிட்டு எந்தத் தேசத்தை நிர்மாணிக்கப் போகிறோம்?

சாலை ஒன்று மட்டுமல்ல. நீரில் மூழ்குதல், தீக்காயம், உயரத்திலிருந்து விழுதல், விஷம் உட்கொள்ளல் இவையெல்லாம் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. உலகம் முழுவதும் காயங்களால் வருஷத்துக்குச் சுமார் 44 லட்சம் பேர் மாளுகிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. காசநோய், மலேரியா, எய்ட்ஸ் ஆகிய மூன்றும் சேர்ந்து கொள்ளை கொள்வதைக் காட்டிலும் இது அதிகம்.

மூன்று மீன்கள்

பஞ்சதந்திரத்தில் மூன்று மீன்களின் கதை ஒன்று இருக்கிறது. நாளைக்கு வலைஞர்கள் வரப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், ஒரு மீன் அன்றே அந்தக் குளத்தை விட்டு வேறு நீருக்குப் போய்விட்டது. இரண்டாவது மீன் வலையில் அகப்பட்டபின் செத்தது போல் கிடந்து தந்திரமாய்த் தப்பியது. "வருவது வந்தே தீரும்" என்று இருந்த மூன்றாவது மீன் மாண்டு போயிற்று. வருமுன் காப்போன், வரும்போது காப்போன், விதியே என்று இருப்போன் என்று நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறோம்.

வில்லியம் ஹாடன் என்ற அமெரிக்க டாக்டர் இந்தப் பஞ்சதந்திரக் கதையைப் படித்தாரோ இல்லையோ, நாமறியோம். ஆனால் 1966-ல் அந்நாட்டுச் சர்க்கார் புதிதாக ஏற்படுத்திய சாலைப் பாதுகாப்பு இலாகாவின் முதல் தலைவரான அவர், ஏறக்குறைய இதே தத்துவத்தைத்தான் சாஸ்திரமாக வகுத்தார். காயத்தை உண்டாக்குவது விதியும் அல்ல, கெட்ட நேரமும் அல்ல. உடம்பு தாங்கக் கூடியதற்கு மேற்பட்ட சக்தி உடம்பின் மேல் பாய்வதுதான் காயம் என்றார். ஓடும் வண்டியின் வேகம், கொதிக்கும் ரசத்தின் வெப்பம், மின்சாரக் கம்பியின் ஓட்டம் எல்லாம் சக்தியே. ஆகையால் விபத்து நேரும் முன், நேரும் போது, நேர்ந்த பின் என்று மூன்று காலங்களிலும், மனிதன், கருவி, சுற்றுப்புறம் என்று மூன்று இடங்களிலும் தடுப்புப் போடலாம் என்று கட்டம் போட்டுக் காட்டினார். மூன்றும் மூன்றும் பெருக்கினால் ஒன்பது வாசல். ஒன்றிலே தவறினாலும் மற்றொன்றில் யமனை மறிக்கலாம்.

வேகத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். 2022-ல் நேர்ந்த சாலை மரணங்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் அதிவேகத்தின் கணக்கில் பதிவாயின. இதில் மர்மம் ஒன்றும் இல்லை, பள்ளிக்கூடத்துப் பௌதிகம்தான். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்று சுவரில் மோதுவதும், சுமார் 20 அடி உயரத்திலிருந்து தரையில் விழுவதும் ஒன்றுதான். வேகத்தை 80 ஆக்கினால் உயரம் இரு மடங்காகும் என்று நினைக்கிறீர்களா? இல்லை, நான்கு மடங்கு, அதாவது 80 அடிக்கு மேல்! நெடிய தென்னை மரத்தின் உச்சியிலிருந்து விழுவதற்குச் சமானம். தென்னை மரத்தின் உச்சியில் நின்றுகொண்டு கைப்பேசியில் பேச நம்மில் யாருக்காவது துணிவு உண்டா? தினந்தோறும் சாலையில் அதைத்தான் செய்கிறோம்.

ஒரு மூடியின் விலை

வருமுன் காப்பது எவ்வளவு எளிது, வந்தபின் காப்பது எவ்வளவு அரிது என்பதற்குத் தமிழ்நாடு மறக்க முடியாத ஒரு சாட்சி உண்டு. 2019-ம் வருஷம் அக்டோபர் 25-ந் தேதி, மணப்பாறைக்கு அருகில் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. இடையே தீபாவளி வந்தது. ஆயினும் அவ்வருஷம் தமிழர்களின் மனம் பட்டாசில் இல்லை. கோயில்களிலும் மாதா கோயில்களிலும் மசூதிகளிலும் பிரார்த்தனை நடந்தது. ராட்சச யந்திரங்கள் வந்தன, மீட்புப் படைகள் வந்தன, பாறையைக் குடைந்தார்கள். 29-ந் தேதி அதிகாலையில் உயிரற்ற உடலைத்தான் எடுக்க முடிந்தது.

அந்தத் துளை, மூடி போட்டால் மூடிவிடக் கூடிய அகலந்தான். கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளை நிரப்பி மூட வேண்டும், தோண்டும் இடத்தில் வேலி போட வேண்டும், குழாயைச் சுற்றிச் சிமெண்டுத் திட்டுக் கட்ட வேண்டும், வாயை இரும்புத் தகட்டினால் அடைக்க வேண்டும் என்றெல்லாம் உச்ச நீதிமன்றம் 2010-லேயே கட்டளையிட்டிருந்தது. விதி இருந்தது, மூடி இல்லை. பெற்றோர்மீது குற்றம் சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் இழந்ததைவிடப் பெரிய தண்டனை உலகத்தில் கிடையாது. ஆனால் ஒவ்வொரு கிராமத்திலும் எத்தனை துளைகள் வாய் திறந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்த்து மூடுவது யாருடைய வேலை? பெரியம்மைக் காலத்தில் வீடு வீடாகப் போனார்களே, அதைப் போல யாராவது போக வேண்டாமா?

போனால் பலன் உண்டு என்பதற்கும் நம்மிடமே சாட்சி இருக்கிறது. 2004-ம் வருஷம் ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தீப்பற்றி 94 குழந்தைகள் கருகிப் போனார்கள். சமையலறையில் பிடித்த நெருப்பு ஓலைக் கூரைக்குத் தாவியது. இறங்கி ஓட அகலமான வழி இல்லை. அதன் பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களின் மேலிருந்து ஓலைக் கூரைகளை அகற்றச் சர்க்கார் உத்தரவிட்டது, கூரைகள் இறங்கின. குழந்தைகளிடம் "நெருப்பு வந்தால் ஜாக்கிரதை" என்று பாடம் சொல்வதைவிட நூறு மடங்கு மேலான காரியம் அது. ஆனால் அதற்கு 94 குழந்தைகளைப் பலி கொடுத்த பிறகல்லவா நமக்குப் புத்தி வந்தது!

நம் அண்டை நாடாகிய வங்காள தேசத்தின் அனுபவத்தையும் பாருங்கள். ஊருக்கு ஊர் குளமும் வாய்க்காலும் நிறைந்த அந்நாட்டில், தாய்மார்கள் முற்பகலில் வீட்டு வேலையில் மூழ்கியிருக்கும் சமயத்தில்தான் தவழும் குழந்தைகள் நீரில் மூழ்கின. ஆகவே கிராமங்களில், காலை ஒன்பது மணி முதல் பிற்பகல் ஒரு மணி வரை ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பார்த்துக் கொள்ளும் காப்பகங்களை ஏற்படுத்தினார்கள். அவற்றுக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஆஞ்சல்'. முந்தானை என்பது அதன் பொருள். அந்த முந்தானையின் நிழலில் இருந்த குழந்தைகளிடையே நீரில் மூழ்கிச் சாவது பெரும்பாலும் நின்றுபோயிற்று. தாயை "உனக்குக் கவனம் போதாது" என்று ஏசாமல், தாய்க்கு ஒரு துணை கொடுத்தார்கள்.

தலைப்பாகையோடு போனது

இனி இரண்டாவது மீன். மோதல் நேர்ந்தே விட்டது. அப்போதும் உயிர் பிழைக்க வழி உண்டா? உண்டு.

அரேபியப் பாலைவனத்தில் போர் புரிந்து உலகப் புகழ் பெற்ற டி. இ. லாரென்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1935-ம் வருஷம் மே மாதம் இங்கிலாந்தில் தம் வீட்டருகே மோட்டார் சைக்கிளில் சென்றார். எதிர்ப்பட்ட இரண்டு சைக்கிள் பையன்கள்மீது மோதாமல் ஒதுங்க முயன்று தூக்கி எறியப்பட்டார். ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து மாண்டார். துருக்கியரின் குண்டுகள் செய்யாததைத் தலையில் பட்ட ஓர் அடி செய்துவிட்டது. அவரைப் பார்த்த வைத்தியர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை நிபுணரும் ஒருவர். காப்பாற்ற முடியாத அந்த உயிர் அவரைச் சிந்திக்க வைத்தது. மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவ்வருஷமே பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. அந்நாட்டுப் பொது ஜனங்களுக்கு அது கட்டாயமாவதற்கு 1973 ஆயிற்று. நல்ல காரியத்துக்கு எந்தத் தேசத்திலும் சுணக்கம் உண்டு போலும்!

தலைக்கவசம் அணிவதால் சாவு நூற்றுக்கு 42 பங்கும், தலைக்காயம் 69 பங்கும் குறைகின்றன என்பது பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்துக் கண்ட முடிவு. "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று நம் முன்னோர்கள் சொன்னது கெய்ர்ன்ஸ் துரைக்காகவே சொன்னது போல் இருக்கிறது. நாமோ தலைப்பாகையை வாங்கிப் பெட்ரோல் டாங்கின்மேல் வைத்துக் கொண்டு போகிறோம். போலீஸ்காரரைக் கண்டதும் அது தலைக்கு ஏறுகிறது. தெருமுனை திரும்பியதும் இறங்கிவிடுகிறது. உயிரைக் காப்பதற்கு ஏற்பட்ட பொருள் அபராதத்தைக் காப்பதற்காக உபயோகமாகிறது!

2022-ல் தலைக்கவசம் இல்லாமல் மாண்டவர்கள் 50,029 பேர். இவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். இந்த இடத்தில் குடும்பஸ்தர்களை ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. கணவன் கவசம் அணிந்திருக்கிறான். பின்னால் மனைவி பூ வாடாமல் வெறுந்தலையோடு அமர்ந்திருக்கிறாள். நடுவில் பெரிய குழந்தை, முன்னால் சிறிய குழந்தை. நான்கு தலைகளில் ஒன்றுக்குத்தான் விலை உண்டா? தரை என்ன, ஓட்டுகிறவர் யார், பின்னால் இருப்பவர் யார் என்று விசாரித்துவிட்டா அடிக்கிறது? நான்கு வயதுக்கு மேற்பட்ட யாவருக்கும் கவசம் கட்டாயம் என்று 2019-ம் வருஷத்து மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் சொல்லிவிட்டது. அதற்கும் சிறிய குழந்தைகளுக்குக் கட்டுவாரும் தகுந்த கவசமும் வேண்டும் என்றும், அப்போது வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் 2022-ல் விதி செய்து 2023 பிப்ரவரியிலிருந்து அமலாக்கினார்கள்.

சட்டத்தினால் ஜனங்கள் மாறுவார்களா என்று சந்தேகப்படுகிறவர்கள் வியட்நாமைப் பார்க்க வேண்டும். அங்கேயும் தெருவெல்லாம் மோட்டார் சைக்கிள்தான். 2007-ம் வருஷம் டிசம்பர் 15-ந் தேதி முதல் எல்லாச் சாலைகளிலும், ஓட்டுபவர், பின்னால் இருப்பவர் யாவரும் கவசம் அணிய வேண்டும் என்று சட்டம் அமலுக்கு வந்தது. சர்க்கார் உறுதியாக நின்றது. சில வாரங்களுக்குள் பெரிய நகரங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட தலைகளில் கவசம் ஏறிவிட்டது. வியட்நாமியரால் முடிந்தது இந்தியரால் முடியாதா?

'அஜாக்கிரதை' என்னும் தம்பி

விதியின் மேல் பழி போட வெட்கப்படுகிறவர்கள் வேறொரு சமாதானம் வைத்திருக்கிறார்கள். "எல்லாம் ஜனங்களின் அஜாக்கிரதை, ஐயா!" என்கிறார்கள். இது விதிக்குத் தம்பி. இதைச் சொன்னாலும் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

மனிதன் தவறு செய்கிறவன்தான். களைப்பு, கவலை, பசி, தூக்கம் எல்லாம் உள்ளவன். அவன் செய்யும் தவற்றுக்கு மரண தண்டனைதான் விலை என்று ஏன் இருக்க வேண்டும்? 1997-ல் ஸ்வீடன் தேசத்துப் பார்லிமெண்ட், சாலையில் ஒரு சாவும், ஒரு பெருங்காயமும் கூட நியாயமல்ல என்ற கொள்கையை ஏற்றது. மனிதன் தவறுவான் என்று வைத்துக் கொண்டே சாலையை அமைக்க வேண்டும் என்பது அதன் சாரம். எதிரும் புதிருமாக வரும் வண்டிகளின் நடுவே தடுப்புக் கம்பி, நாற்சந்திகளில் வேகத்தைத் தானே குறைக்கும் வட்டங்கள், ஜனங்கள் நடமாடும் இடத்தில் குறைந்த வேகம் என்று அமைத்தார்கள். அதே நாட்டில்தான் 1959-ல் நில்ஸ் போலின் என்ற எஞ்சினீயர், தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிணைக்கும் இருக்கைப் பட்டையை வோல்வோ கம்பெனிக்காகச் செய்தார். அதை எந்தக் கம்பெனியும் உபயோகிக்கலாம் என்று உரிமையைத் திறந்துவிட்டார்கள். எத்தனையோ லட்சம் உயிர்கள் அந்த ஒரு சாண் அகலம் கூட இல்லாத பட்டையில் தொங்கிப் பிழைத்திருக்கின்றன.

நம் வீட்டு அடுக்களையிலேயே இதற்கு உதாரணம் உண்டு. பிரஷர் குக்கரின் மூடியில் சிறிய வால்வு ஒன்று இருக்கிறதல்லவா? நீராவி அளவு மீறும்போது அது உருகி வழி விடுகிறது. அடுப்படியில் இருப்பவர் அயர்ந்துவிட்டால் குக்கர் அவருக்குப் பிரசங்கம் செய்வதில்லை, காப்பாற்றுகிறது. மோட்டார் சைக்கிளின் பின் சக்கரத்துப் பக்கத்தில், புடவைத் தலைப்பு சிக்காமல் இருக்க ஒரு கம்பித் தடுப்பு, 'சாரி கார்டு', வைக்க வேண்டும் என்று நம் மோட்டார் விதிகளிலேயே இருக்கிறது. அந்த விதியை எழுதியவர் யாரோ, நம் ஸ்திரீகளின் உடையை நினைத்துப் பார்த்து எழுதியிருக்கிறார். அவர் வாழ்க! அழகு கெடுகிறதென்று அதைக் கழற்றி எறிகிற பிள்ளைகளும் பிழைத்து வாழ்க!

நான்காவது மீன்

பஞ்சதந்திரக் கதையில் இல்லாத நான்காவது மீன் ஒன்றும் நமக்கு வேண்டும். வலையில் விழுந்த பிறரை மீட்க ஓடி வருகிற மீன்.

அடிபட்டவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதில்தான் பெரும்பாலும் உயிர் இருக்கிறது என்று டாக்டர்கள் சொல்லுகிறார்கள். ஆனால் நம் ஊரில் அடிபட்டவரைச் சுற்றிக் கூட்டம் கூடுகிறதே தவிரக் கை நீளுவதில்லை. இரக்கம் இல்லாமல் அல்ல; போலீஸ், கோர்ட்டு, சாட்சி என்ற பயத்தினால். இந்தப் பயத்துக்கு இப்போது ஆதாரம் இல்லை. உதவி செய்தவரைத் துன்புறுத்தக் கூடாது என்ற நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016-ம் வருஷம் மார்ச் மாதத்தில் சட்ட வலிமை கொடுத்தது. 2019-ம் வருஷத்துச் சட்டத் திருத்தத்திலும் அப்பாதுகாப்பு இடம் பெற்றது. நல்லெண்ணத்தோடு உதவியவர் தம் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் கூட இல்லை. தமிழ்நாட்டில் 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைச் சர்க்கார் செலவில் அளிக்கும் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. எண்ணைச் சுழற்றுவதும், வாயைக் கொட்டிக் கொண்டிருக்கும் கூட்டத்தை விலக்குவதும், வழிந்தோடும் ரத்தத்தைத் துணியால் அழுத்திப் பிடிப்பதும் நம்மால் ஆகக் கூடியவை.

தேசத்தின் கடமை

இவ்வளவும் தனித்தனியே நடக்கின்றன. சாலை ஓர் இலாகாவின் பொறுப்பு, நெருப்பு ஓர் இலாகா, கிணறு பஞ்சாயத்து, காயம் ஆஸ்பத்திரி, பிணம் போலீஸ். பெரியம்மையை இவ்வாறு பங்கு போட்டுக் கொடுத்திருந்தால் அது இன்றும் நம்மிடையே இருந்திருக்கும். 2024 செப்டம்பரில் காயத் தடுப்பைப் பற்றிய உலக மாநாடு தில்லியில் நடந்தது. எதிர்பாராத காயங்களைத் தடுப்பதற்கான தேசியத் திட்டம் ஒன்றையும் மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்திருக்கிறது. காயத்தால் நேரும் சாவு சுகாதார இலாகாவின் கவலை என்று ஏற்றுக் கொண்டதே பெரிய முன்னேற்றம்.

ஆனால் காகிதத்தில் உள்ள திட்டம் கிணற்றை மூடாது. ஒவ்வொரு ஜில்லாவிலும் யார், எங்கே, எதனால் அடிபட்டார் என்று காலரா கணக்கைப் போல வாரந்தோறும் எழுத வேண்டும். ஒரே வளைவில் மூன்று பேர் மாண்டால் அந்த வளைவைச் சிகிச்சைக்கு எடுத்துக் கொள்ள வேண்டும். எத்தனை பேருக்கு அபராதம் போட்டோம் என்பதோடு நில்லாமல், எத்தனை உயிர் மிச்சமாயிற்று என்று அதிகாரிகளைச் சட்டசபையில் கேட்க வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் நாம் ரஸ்தா கேட்கிறோம். பிழைத்து வீடு திரும்பக் கூடிய ரஸ்தா வேண்டும் என்று இனிமேல் கேட்போம்.

அது நடக்கும் வரையில் வீட்டிலேயே தொடங்கலாம். கொதிக்கும் பாத்திரத்தைக் குழந்தைக்கு எட்டாத மேடையில் வையுங்கள். ஸ்நான அறையில் பாட்டி பிடித்துக் கொள்ள ஒரு கைப்பிடி அடியுங்கள். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரைக் குழந்தையின் தலைக்கு மேல் உயர்த்துங்கள். மண்ணெண்ணெயைக் குடிதண்ணீர்ப் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போடுங்கள். அடுத்த முறை மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக் கொள்ளுமுன், கவசங்களின் எண்ணிக்கையும் தலைகளின் எண்ணிக்கையும் சரியாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.

நாளைக் காலையும் பத்திரிகை வரும். அந்த மூலையில் அந்த நாலு வரி இருக்கும். அடுக்களையிலிருந்து "என்னவாம்?" என்று கேட்டால், தயவு செய்து "ஒன்றுமில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "தடுத்திருக்கலாம்" என்று சொல்லுங்கள். தேசம் முழுவதும் அந்த ஒரு சொல்லைச் சொல்லத் தொடங்கிவிட்டால், விதியின் மேல் நாம் சுமத்திய பழி நீங்கும்.